ஃபைன் பாக்கிக்காக ரேஷன் நிற்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தண்டையார்பேட்டையில் பதினெட்டு வருஷமாக மனு எழுதிக் கொடுத்து வருகிறேன். பட்டா, சாதிச் சான்று, முதியோர் பென்ஷன், ரேஷன் கார்டு என்று எது கேட்டாலும் எழுதுவேன். இரண்டு மூன்று மாதமாக வெவ்வேறு ஆட்கள் வந்து ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "வண்டி ஃபைன் கட்டலைன்னா ரேஷன் கார்டை லாக் பண்ணிடுவாங்களாமே?"

போன வாரம் வந்த அம்மா காசிமேட்டில் இறால் உரிக்கும் வேலை செய்பவர். பிளாஸ்டிக் கவருக்குள்ளிருந்து ஸ்மார்ட் கார்டை எடுத்தார். கூடவே ஒரு காலண்டர் தாள். அதன் பின்பக்கத்தில் மகனின் வண்டிக்கு வந்த அபராதங்களைப் பேரன் எழுதிக் கொடுத்திருக்கிறான். ஹெல்மெட் 1,000, இன்சூரன்ஸ் 2,000, மறுபடியும் ஹெல்மெட் 1,000. ஆக மொத்தம் 4,000 ரூபாய்.

நடந்தது இதுதான். ரேஷன் கடையில் மூன்று தடவை விரல் வைத்தும் மெஷின் ஏற்கவில்லை. வரிசையில் நின்ற யாரோ, "உன் பையன் மேல ஃபைன் இருக்குதில்ல, ஆதார்ல மாட்டிக்கிச்சு" என்று சொல்லிவிட்டார்கள். விற்பனையாளரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், வெறும் பையோடு வீட்டுக்கு வந்துவிட்டார். அப்புறம் இரண்டு மாதம் கடைப் பக்கமே போகவில்லை. அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் வெளியில் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார். கார்டைக் காப்பாற்ற வேண்டுமென்று 4,000 ரூபாய் தண்டல் வாங்கி ஃபைனையும் கட்டிவிட்டார். கைக்கு வந்தது 3,400 தான். தினம் 40 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும்.

கட்டை விரலைக் காட்டச் சொன்னேன். இறால் ஓடு குத்திக் குத்தி, ஐஸ் தண்ணீரில் ஊறி ஊறி, தோல் வழவழவென்று ஆகியிருந்தது. ரேகையே தெரியவில்லை. மெஷின் ஏற்காததற்குக் காரணம் அந்த விரல். ஃபைனுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இதைப் பத்திரிகையில் நாலு பேர் பார்க்கும்படி போட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். கார்டை நிறுத்துவதற்கென்று காரணங்கள் உண்டு. பொய்த் தகவல் கொடுத்து வாங்கியது, ஒரே ஆள் பெயர் இரண்டு கார்டில் இருப்பது போன்றவை. ரேஷன் அரிசியை வாங்கி ஆந்திராவுக்குக் கடத்துகிறவர்கள் மேல் 1955ஆம் வருஷத்து அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தில் வழக்கு வரும். அது வேறு கதை. போக்குவரத்து அபராதம் இந்தக் கணக்கில் எங்குமே வராது. அது கட்டாமல் கிடந்தால் கோர்ட்டுக்குப் போகும், வண்டி பெயர் மாற்றம், எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) மாதிரி வேலைகள் தடைபடும். மகன் ஹெல்மெட் போடாததற்கு அம்மாவின் அரிசியை நிறுத்தச் சட்டத்தில் இடமில்லை. ஃபைன் கட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்ட வேண்டியதுதான். ஆனால் ரேஷன் போய்விடும் என்று பயந்து தண்டல் வாங்கிக் கட்ட வேண்டாம்.

ஜனங்கள் ஏன் இப்படி நம்புகிறார்கள் என்றும் யோசிக்க வேண்டும். பாங்க், போன், கேஸ், ரேஷன் எல்லாமே ஆதாரில்தான் வந்து நிற்கிறது. ஒன்றில் தவறினால் எல்லாம் போகும் என்று நினைப்பது அவர்கள் குற்றமா? அதோடு எங்கள் வடசென்னையில் ரேஷன் கார்டு வெறும் அரிசிக்கானது மட்டும் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து வீட்டுக்குள் தண்ணீர் நின்றதே, அப்போது 6,000 ரூபாய் நிவாரணம் ரேஷன் கடையில்தான் கொடுத்தார்கள். பொங்கல் பரிசும் அங்கேதான். கார்டு போய்விடும் என்றால் வயிறு கலங்கத்தான் செய்யும்.

நஷ்டமும் சின்னது இல்லை. 2011 ஜூனிலிருந்து அரிசி இலவசம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வெளியில் இந்த இரண்டும் 100 ரூபாய்க்கு மேல். விட்டுப்போன மாதத்துப் பொருள் அடுத்த மாதம் சேர்ந்து வராது. அந்த அம்மாவுக்கு இரண்டு மாதம் போனது போனதுதான்.

உணவுப்பொருள் வழங்கல் துறைக்கு என் வேண்டுகோள் பெரிதில்லை. கடையில் இருப்புப் பலகை மாட்டியிருக்கிறார்களே, அதன் பக்கத்தில் இன்னொரு பலகை வேண்டும். "போக்குவரத்து அபராதம், வீட்டு வரி, கரண்ட் பில் பாக்கிக்காக ரேஷன் நிறுத்தப்படாது" என்று பெரிய எழுத்தில் இருந்தால் போதும். விரல் ரேகை விழாதவர்களைச் சும்மா அனுப்பாமல், "ரேகைதான் விழவில்லை, கார்டு நன்றாகத்தான் இருக்கிறது" என்று விற்பனையாளர் வாய் திறந்து சொல்ல வேண்டும். கருவிழியை வைத்துப் பார்க்கும் கருவி கடைகளுக்கு வந்திருக்கிறது. ரேகை விழாதவர்களுக்கு அதைப் பயன்படுத்த வேண்டும். அந்த அம்மாவிடம் அன்றைக்கு யாராவது இதைச் சொல்லியிருந்தால் தண்டல்காரரிடம் போயிருக்க மாட்டார்.

பொருள் தர மறுத்தால் 1967க்கு, இல்லாவிட்டால் 1800 425 5901க்கு போன் செய்யலாம். 2013ஆம் வருஷத்து தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் புகாரை விசாரிக்க மாவட்ட அளவில் அதிகாரியும், அவருக்கு மேல் மாநில உணவு ஆணையமும் உண்டு. சென்னையில் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை மண்டல உதவி ஆணையர் அலுவலகங்களில் ரேஷன் குறைதீர் முகாம் நடக்கிறது. பெயர் சேர்ப்பது, நீக்குவது எல்லாம் அங்கேயே கேட்கலாம். கடைக்கு வர முடியாத வயதானவர்கள் வேறொருவரை அனுப்பிப் பொருள் வாங்க அங்கீகாரச் சான்றும் கேட்கலாம்.

அந்த அம்மாவுக்கு மனு எழுதிவிட்டேன். காசு வாங்கவில்லை. வருகிற இரண்டாம் சனிக்கிழமை முகாமுக்கு அவரோடு நானும் போகிறேன்.

இப்படிக்கு,
மனு எழுதுபவர்,
தண்டையார்பேட்டை, சென்னை - 81.