தீவுக்கு என்றால் முதலில் படகு, பிறகுதான் அறை

வணக்கம்.

வக்கோன்ஸுக்கு, அதாவது விடுமுறைக்கு, பிரான்ஸின் தீவுப் பக்கம் போக வேண்டும் என்று எங்கள் பயண முகவர் கடைக்குக் கேட்டு வருகிறவர்கள் வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டே போகிறார்கள், சந்தோஷம். ஆனால் கடைக்குள் வந்து உட்கார்ந்ததும் நாங்கள் ஹோட்டலைப் பற்றிக் கதைக்காமல், எத்தனை மணிப் படகு, யாருக்காவது கடல் ஒத்துக்கொள்ளாதா, பிள்ளையின் தள்ளுவண்டில் மடிக்கக்கூடியதா என்று கேட்கத் தொடங்கினால் சிலருக்கு முகம் சுருங்குகிறது. "நீங்கள் அறையைப் போடுங்கோ, படகை நாங்கள் அங்கே போய்ப் பார்க்கிறோம்" என்கிறார்கள். அது ஏன் சரிவராது என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட ஒரு தடவை ஆறுதலாக எழுதிவிடலாம் என்றுதான் இந்த மடல்.

யாழ்ப்பாணத்தில் புங்குடுதீவு, நெடுந்தீவுப் பக்கம் பிறந்தவர்கள் இதற்கு மேல் வாசிக்காவிட்டாலும் பரவாயில்லை. குறிகட்டுவான் இறங்குதுறையில் சாமானோடு காத்திருந்தவர்களுக்கு, தீவுப் பயணத்தில் நேரத்தை முடிவு செய்வது நாங்கள் அல்ல, படகுதான் என்பது தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறோம்.

முதலாவது, சில தீவுகளில் இப்போது ஆள் கணக்கு வந்துவிட்டது. தெற்கே இயேர் ஊருக்கு எதிரில் இருக்கும் போர்க்கரோல் தீவில் முன்பெல்லாம் கோடையில் ஒரே நாளில் 10,000 பேருக்கு மேல் இறங்கிய நாட்கள் உண்டு. தீவின் நீளமோ ஏழு கிலோமீட்டர் அளவுதான். 2021இல் படகுக் கம்பனிகளோடு பேசி, உச்சக் கோடையில் நாளொன்றுக்கு 6,000 பேர் என்று வரம்பு வைத்தார்கள். வடக்கே பிரெத்தாஞ் (பிரிட்டனி) பகுதியில் இருக்கும் பிரெஹா தீவில் நிரந்தரமாக இருப்பவர்களே சில நூறு பேர்தான், அங்கேயும் 2023 கோடையில் வரம்பு வந்தது: யூலை நடுப்பகுதியிலிருந்து ஓகஸ்ட் கடைசி வாரம் வரை, வேலை நாட்களில், காலை 8.30க்கும் பிற்பகல் 2.30க்கும் இடையில் 4,700 பேர். அதற்குப் பின் வந்த கோடைகளிலும் அதைத் தொடர்ந்தார்கள். துறைமுகத்தில் போய் நின்று டிக்கெட் எடுக்கலாம் என்ற பழைய கணக்கு இதனால்தான் யூலை, ஓகஸ்டில் பலிப்பதில்லை. கையில் அறை இருக்கும், காலைப் படகில் இடம் இருக்காது.

இரண்டாவது, அலை. அத்லாந்திக், ஆங்கிலக் கால்வாய்ப் பக்கத் தீவுகளில் கடல் ஏறுவதும் வற்றுவதும் நாங்கள் ஊரில் பார்த்த அளவில் இல்லை. நொர்மாண்டிக் கரையில் கிரான்வில் ஊர்ப் பக்கத்தில் பெரிய வற்று வரும் நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையில் 14 மீட்டர் வரை வித்தியாசம் வரும், நாலு மாடி உயரம். அங்கிருந்து ஷோசே தீவுக்குப் போகும் படகின் நேரம் இதனால் நாளுக்கு நாள் மாறும். இன்றைக்குக் காலை ஒன்பது மணி என்றால் அடுத்த வாரமும் ஒன்பது மணிதான் என்று நினைக்கவே கூடாது. பிரெஹாவில் படகு நேரம் அவ்வளவு மாறாது, ஆனால் இறங்கும் இடம் மாறும். போர்-குளோ என்ற துறையில் மூன்று இறங்குதளங்கள் உண்டு, கடல் ஏறியிருந்தால் கிராமத்துக்குக் கிட்டவே இறக்கிவிடுவார்கள், வற்றியிருந்தால் தூரத்துத் தளத்தில் இறங்கி, பாசி பிடித்த ஈரக் கல்லில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கொஞ்சத் தூரம் நடக்க வேண்டும். சில்லு வைத்த பெரிய சூட்கேஸ் அங்கே உதவாது. தோளில் மாட்டும் பை கொண்டுபோங்கள் என்று நாங்கள் நச்சரிப்பது இதற்குத்தான். முழங்கால் வருத்தம் உள்ள அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், அன்றைய அலை அட்டவணையைப் பார்த்துக் கடல் ஏறியிருக்கும் நேரத்துப் படகாக எடுத்துத் தருவோம்.

மத்தியதரைக் கடல் பக்கம் அலைப் பிரச்சினை இல்லை, அங்கே காற்றும் நெருப்பும். போர்க்கரோலில் கிராமத்துக்கு வெளியே சிகரெட் பற்றவைக்கக் கூடாது, கூடாரம் அடிக்கவும் கூடாது. கோடையில் ஒவ்வொரு நாள் மாலையும் அடுத்த நாளுக்கான காட்டுத்தீ அபாய வரைபடத்தை அந்தத் தீவு இருக்கும் வார் என்ற மாவட்டத்தின் நிர்வாகம் வெளியிடும். மிஸ்திரால் காற்று பலமாக அடித்து அபாயம் கூடினால் காட்டுப் பாதைகளை மூடிவிடுவார்கள். கிராமத்தில் இருக்கலாம், திறந்திருக்கும் கடற்கரைக்குப் போகலாம், தீவைச் சைக்கிளில் சுற்றும் திட்டம் மட்டும் அன்றைக்கு நடக்காது. இதற்குக் காசு திருப்பித் தரச் சொல்லி எங்களிடம் வரக் கூடாது, அது யார் கையிலும் இல்லாத விஷயம். ஒரே நாளில் போய் ஒரே நாளில் திரும்பும் திட்டத்தைப் போர்க்கரோலுக்கு நாங்கள் அவ்வளவாக ஊக்குவிக்காததற்கும் இதுதான் காரணம். இரண்டு இரவு இருந்தால் ஒரு நாள் மூடினாலும் மற்ற நாள் கிடைக்கும்.

சரி, பாரிஸிலிருந்து எப்படிக் கணக்குப் போடுகிறோம் என்பதற்கு பிரெஹாவையே எடுத்துக்கொள்வோம். மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து கங்கோன் வரை தேஜேவே அதிவேக ரயில், அங்கே இறங்கி பம்போலுக்குச் சின்ன ரயில், பிறகு ஆர்குவெஸ்ட் முனைக்கு பஸ், அங்கிருந்து படகு. படகுப் பயணம் பத்து நிமிடம்தான், ஆனால் அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் மற்றதெல்லாம். மாலையில் கடைசிப் படகு போய்விட்டால் தீவில் காசு கட்டிய அறை சும்மா இருக்க, நீங்கள் பம்போலில் இன்னொரு அறை தேட வேண்டும். அதனால் நாங்கள் பின்னாலிருந்து வருகிறோம்: எந்தப் படகு, அதைப் பிடிக்க எந்த பஸ், அந்த பஸ்ஸுக்கு எந்த ரயில். பாரிஸில் விடிய ஏழு மணிக்கு முன் வெளிக்கிட வேண்டி வந்தாலும் காரணம் இதுதான், எங்களுக்குக் கொமிஷன் கூட வருகிறது என்பதற்காக அல்ல.

காரில் போகிறவர்களுக்கு ஒரு சொல். பிரெஹாவிலும் போர்க்கரோலிலும், கீழே சொல்லப்போகும் எக்ஸ் தீவிலும் உங்கள் காரை ஏற்ற முடியாது, கரையில் காசு கட்டி விட வேண்டும், அந்தத் தரிப்பிடங்களும் ஓகஸ்டில் காலையிலேயே நிரம்பிவிடும். கார் இல்லாமல் இருக்கவே முடியாது என்றால் லா ரொஷெல் ஊருக்கு எதிரில் இருக்கும் ரே தீவுக்குப் போங்கள். 1988இல் கட்டிய, மூன்று கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான பாலம் இருக்கிறது, கோடையில் காருக்கு 16 யூரோ, மற்றக் காலத்தில் 8 யூரோ, சைக்கிளுக்கும் நடந்து போகிறவர்களுக்கும் இலவசம். நல்ல இடம்தான், சைக்கிள் பாதைகள் அருமை, உப்பளங்களுக்கு நடுவே ஓடிப் போகலாம். ஆனால் சனிக்கிழமைகளில் பாலத்துக்கு முன்னால் நிற்கும் கார் வரிசையைப் பார்த்தால் பாரிஸைச் சுற்றி ஓடும் பெரிபெரிக் சாலையைத் தீவுக்குக் கொண்டுபோய் வைத்தது மாதிரித்தான் இருக்கும்.

சின்னப் பிள்ளைகளோடு முதல் தடவை தீவுக்குப் போகிறவர்களுக்கு எங்கள் சொந்த விருப்பம் எக்ஸ் தீவு. லா ரொஷெலுக்குத் தெற்கே, ஃபூரா ஊரின் முனையிலிருந்து அரை மணிக்கும் குறைவான படகு. தீவு மூன்று கிலோமீட்டர் நீளம், அகலம் அதைவிட மிகக் குறைவு, கார் ஓடாது, ஆறு வயதுப் பிள்ளை சைக்கிளில் முன்னால் போனாலும் பின்னால் கத்திக்கொண்டு ஓடத் தேவையில்லை. வெள்ளைச் சுவர் வீடுகள், வாசலில் ஆளுயரத்துக்கு நிற்கும் ரோஸ் த்ரெமியேர் பூக்கள். 1815 யூலையில், வாட்டர்லூவில் தோற்ற பிறகு, நெப்போலியன் பிரெஞ்சு மண்ணில் கடைசியாகத் தங்கியது இந்தத் தீவில்தான். இங்கிருந்துதான் ஆங்கிலேயர் கப்பலில் ஏறினார், அப்புறம் சென்ட் ஹெலினா. அவர் தங்கிய வீடு இப்போது அருங்காட்சியகம். தொலைக்காட்சியில் பிள்ளைகள் பார்க்கும் ஃபோர் பொயார் கோட்டையும் தூரத்தில் கடலுக்குள் நிற்பது தெரியும். படகில் சுற்றிக் காட்டுவார்கள், உள்ளே விடமாட்டார்கள். போவதற்கு முன் இதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் படகில் அழுகை.

கடலில் குளிப்பதுதான் முக்கியம் என்கிறவர்கள் தெற்கே போவதுதான் நல்லது. பிரெத்தாஞ்சில் ஓகஸ்டிலும் கடல் 17, 18 பாகைதான், பிள்ளைகள் இறங்குவார்கள், பெரியவர்கள் கணுக்கால் நனைத்துவிட்டு வந்து துவாயைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். போர்க்கரோலின் நோத்ருதாம் கடற்கரை அப்படி அல்ல. அதற்குப் பக்கத்துத் தீவான போர்-குரோ, 1963இலிருந்து தேசியப் பூங்கா, அங்கே சைக்கிள் கூட விடமாட்டார்கள், நடைதான். லா பலூ என்ற கரையில் கண்ணாடி மாட்டி நீந்திக்கொண்டே மீன்களைப் பார்க்கக் கடலுக்கடியில் ஒரு பாதை அமைத்திருக்கிறார்கள். நீச்சல் தெரிந்த பெரிய பிள்ளைகள் இருந்தால் அது ஒன்றுக்காகவே போகலாம். நடக்க விருப்பமானவர்களுக்கு கிபெரோனிலிருந்து பெல்-ஈல், லோரியோனிலிருந்து குருவா, இரண்டும் ஒரு மணிக்குள். பெல்-ஈலில் ஓவியர் மோனே 1886இல் வந்து வரைந்த கூரிய பாறைகள் இன்றும் அதே இடத்தில் நிற்கின்றன, குளிர்க் கண்ணாடியும் காற்றுக்கு ஒரு ஜாக்கெட்டும் இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

சாப்பாட்டைப் பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள். குட்டித் தீவில் பலசரக்குக் கடை ஒன்றோ இரண்டோதான், மத்தியானத்தில் பூட்டுவார்கள், எல்லாம் படகில் வருவதால் விலையும் கூட. அரிசி, மிளகாய்த்தூள், தேங்காய்ப்பால் பெட்டி இவற்றைப் பாரிஸிலேயே எடுத்துக்கொள்ளுங்கள், மீன் அங்கே வாங்கலாம். குசினி உள்ள வீடா என்று நாங்கள் பார்த்துத்தான் தருகிறோம். மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள் பிரெத்தாஞ்சில் தோசை மாதிரியான கறுப்புக் கோதுமை கலெத் கேட்கலாம். 'கொம்ப்ளெத்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அதற்குள் ஜம்போன் (பன்றி இறைச்சி) வரும். வெறும் சீஸ், காளான் என்று சொல்லிக் கேளுங்கள், முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் முட்டையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

விலை ஏன் இவ்வளவு என்று கேட்கிறவர்களுக்கும் பதில் படகுதான் என்று சொல்லிவிட முடியாது, பாதிக் காரணம் திகதி. யூலை, ஓகஸ்டில் வீடுகளைப் பெரும்பாலும் சனியிலிருந்து சனி வரை முழு வாரத்துக்குத்தான் தருவார்கள். ரெஸ்டோரன்டில் வேலை செய்கிறவர்களுக்கு ஓகஸ்டில் கடை பூட்டும்போதுதான் லீவு, பாரிஸ் லாச்சப்பல் பிள்ளையார் கோயில் தேருக்கு முன் திரும்பியும் வர வேண்டும், ஆக எல்லோரும் கேட்பது அதே இரண்டு வாரம். ஓகஸ்ட் 15 வாரத்துக்குப் பெப்ரவரியில் கேட்டால் கிடைக்கும், யூன் மாதம் வந்து கேட்டால் மிச்சம் கிடப்பதைத்தான் காட்டுவோம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இல்லாதவர்கள் யூன் நடுப்பகுதியையோ செப்டெம்பர் முதல் பாதியையோ எடுங்கள்: அறை விலை இறங்கும், இரண்டு மூன்று இரவுக்கும் தருவார்கள், தெற்கே செப்டெம்பர்க் கடல் யூன் கடலை விடச் சூடு.

முப்பது பேராகச் சேர்ந்து ஒரே தீவில் தங்கும் ஒழுங்கை நாங்கள் செய்வதில்லை. குடும்பமாகப் பிரிந்து வெவ்வேறு வீட்டில் தங்குவது என்றால் செய்து தருவோம்.

கடைக்கு வரும்போது எல்லோருடைய பெயரும் அடையாள அட்டையில் இருக்கிறபடி, பிள்ளைகளின் பிறந்த திகதி, ரயில் தள்ளுபடி அட்டை இருந்தால் அது, வேலையிடத்தில் செக் வக்கோன்ஸ் (விடுமுறைக் காசோலை) தருகிறார்கள் என்றால் அதன் தொகை, இவ்வளவும் கொண்டுவாருங்கள். திகதியில் ஒரு நாள் முன்பின் தள்ள முடியுமா என்பதையும் வீட்டில் கதைத்துவிட்டு வந்தால் நல்லது, பல தடவை வியாழக்கிழமைப் படகில் இடம் இருக்கும், சனிக்கிழமைப் படகில் இருக்காது. திங்கட்கிழமை கடை பூட்டு. மற்ற நாட்களில் பின்னேரம் வந்தால் கூட்டம் குறைவு, அலை அட்டவணையை மேசையில் விரித்து வைத்தே கதைக்கலாம்.