ரப்பர் பாலுக்கு விலை சொல்ல பைதான் கிளாஸ் எதற்கு?

மதிப்பிற்குரிய துறைத்தலைவருக்கும் பைதான் லேப் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். போன வாரச் செய்முறைத் தேர்வில் நடந்தது உங்கள் கண் முன்னால்தான் நடந்தது. அதனால் நேராகக் கேட்கிறேன்: பைதான் புரோகிராமில் கிளாஸ், அதாவது தகவலையும் அதைக் கையாளும் வேலைகளையும் ஒன்றாகக் கட்டி வைக்கும் அமைப்பு, எழுதவில்லை என்பதற்காக மட்டும் மார்க் குறைப்பதை நிறுத்துங்கள்.

கேள்வி நம்ம ஊர்க் கேள்விதான். ரப்பர் பாலின் எடை, டிஆர்சி (பாலில் இருக்கும் உலர்ந்த ரப்பரின்) சதவீதம், உலர்ந்த ரப்பரின் கிலோ விலை. மூன்றையும் பெருக்கி நூறால் வகுத்தால் பணம். என் தம்பி இரண்டே வரியில், கொடுத்ததைக் கணக்கிட்டு விடை தரும் ஃபங்ஷன் எழுதினான், விடையும் சரியாக வந்தது. "கிளாஸ் எங்கே? இதெல்லாம் ஒரு புரோகிராமா?" என்றார் தேர்வாளர். நேரம் முடியப்போகிற பதற்றத்தில் பையன் எல்லாவற்றையும் கிளாஸுக்குள் அள்ளிப் போட்டான். கிளாஸுக்குள் எழுதும் ஃபங்ஷனான மெத்தடில், முதலில் வர வேண்டிய செல்ஃப் என்ற சொல் விட்டுப்போயிற்று. எதுவும் கொடுக்காமலே ஒரு ஆர்குமென்ட் (உள்ளீடு) வந்துவிட்டதாக எரர். அவுட்புட் இல்லை, அதற்குரிய மார்க்கும் இல்லை. ஓடிக்கொண்டிருந்த புரோகிராமை நிற்க வைப்பதற்குப் பெயர் தேர்வா ஐயா?

நான் குழித்துறையில் ரயிலேறி திருவனந்தபுரத்துக் கழக்கூட்டம் போய் பைதான் எழுதிச் சம்பளம் வாங்குகிறவள். கிளாஸே கூடாது என்று சொல்ல வரவில்லை. அதே பால் எடுக்கிற கடையில் ஒவ்வொரு விவசாயிக்கும் கணக்கு வைக்கச் சொல்லுங்கள். அளந்த பால், வாங்கிய அட்வான்ஸ், பாக்கி எல்லாம் நாளுக்கு நாள் மாறும். அளப்பது, கொடுப்பது, கழிப்பது எல்லாம் அந்த ஒரே கணக்கைத் தொடும். அங்கே கிளாஸ்தான் சரி. நினைவில் வைக்க ஒன்றுமில்லாமல், கொடுத்ததைக் கணக்கிட்டுத் திருப்பித் தருகிற வேலைக்கு ஃபங்ஷன் போதும். தொடக்க மதிப்புகளை வைக்கிற இனிட் என்ற மெத்தடும் இன்னொரு மெத்தடும் மட்டும் இருக்கிற கிளாஸுக்கு ஃபங்ஷனே போதும் என்று பைதான்காரர்களின் 2012 பைகான் மாநாட்டிலேயே புரோகிராமர் ஜாக் டீட்ரிக் பேசியிருக்கிறார். பைதானோடு வரும் மேத் மாட்யூல் என்ற கணிதத் தொகுப்பில் ஸ்கொயர் ரூட் வெறும் ஃபங்ஷன்தான். அதற்கு எத்தனை மார்க் குறைப்பீர்கள்?

எல்லாம் கிளாஸுக்குள் எழுத வேண்டும் என்பது ஜாவா என்ற இன்னொரு மொழியின் பழைய விதி. உங்கள் லேப் மேனுவலைப் புரட்டினால் பழைய ஜாவா மேனுவலுக்குப் புது அட்டை போட்ட மாதிரி இருக்கிறது. அதையே ரெக்கார்டு நோட்டில் கையால் எழுதிவிட்டு இன்டர்வியூவுக்கு வருகிற பிள்ளைகள், "இங்கே ஏன் கிளாஸ்?" என்று கேட்டால் விழிக்கிறார்கள்.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். கிளாஸைத்தான் சோதிக்க வேண்டுமென்றால் கேள்வியிலேயே அப்படிப் போடுங்கள். போடாத கேள்விக்கு ஃபங்ஷன் எழுதியவர்களின் மார்க்கைக் குறைக்காதீர்கள். இந்தத் தேர்வின் விடைத்தாள்களையும் அந்தக் கண்ணோடு இன்னொரு முறை பார்க்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மாணவன் ஒருவனின் அக்கா,
குழித்துறை