ஏழும் எட்டும்

கிருஷ்ணகிரி
8 ஜூலை 2025, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. மூட்டுவலி குறைந்து, காலை நடையை மறுபடி தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் நிம்மதி. இங்கே மாங்கூழ் ஆலையில் மூச்சுவிட நேரமில்லை. பெங்களூரா மாம்பழம் ஏற்றிய லாரிகள் இரவும் பகலும் வாசலில் நிற்கின்றன. வீட்டுக்கு வந்து குளித்த பிறகும் சட்டையில் அந்த வாசனை போவதில்லை.

ஓசூரில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் பாப்பாவுக்கு, ஆங்கிலக் கடிதத்தில் தேதியும் கெடுவும் எழுதும்போது கை தடுமாறுகிறது என்று எழுதியிருந்தாய். 'பெரியப்பாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்' என்றாளாம். கேட்கட்டும். இந்தப் பாடத்துக்கு நான் கொடுத்த விலை அதிகம்.

2022 சீசனில் அமெரிக்காவிலிருந்து ஓர் ஆர்டர் வந்தது. சரக்கு 07/08க்குள் கப்பல் ஏற வேண்டும் என்று மின்னஞ்சல். நான் ஆகஸ்ட் 7 என்று படித்தேன். '07/08க்குள் அனுப்பிவிடுகிறோம்' என்று அதே எண்களைத் திருப்பி எழுதி உறுதியும் கொடுத்துவிட்டேன். அவர்களுக்கும் திருப்தி, எங்களுக்கும் திருப்தி. ஆனால் அமெரிக்கர்கள் மாதத்தை முன்னால் எழுதுகிறவர்கள். அவர்கள் சொன்னது ஜூலை 8. 'எந்தக் கப்பலில் ஏற்றினீர்கள்?' என்று அடுத்த மின்னஞ்சல் வந்தபோது, டிரம்கள் கிடங்கில் லேபிள்கூட ஒட்டாமல் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. ஆர்டர் கைவிட்டுப் போயிற்று. லேபிள் ஒட்ட வரச் சொல்லியிருந்த பெண்களிடம் 'இப்போது வேலை இல்லை' என்று நானேதான் போய்ச் சொன்னேன்.

அன்று இரவு காலண்டரைப் புரட்டினேன். 2022 ஜூலை 8 வெள்ளிக்கிழமை. ஆகஸ்ட் 7 ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமையை யாராவது கெடுவாக வைப்பார்களா? இரண்டு பக்கத்தில் ஒருவர் கிழமையை எழுதியிருந்தால் அப்போதே விழித்துக்கொண்டிருப்போம்.

ஆகவே பாப்பாவிடம் முதலில் இதைச் சொல். மாதத்தை எண்ணால் எழுதவே கூடாது; ஜூலை என்றால் ஜூலை என்றே எழுத வேண்டும். ஆண்டை நான்கு இலக்கத்தில் எழுதி, பக்கத்தில் கிழமையையும் சேர்க்க வேண்டும். தேதியும் கிழமையும் ஒத்துப்போகாவிட்டால், படிப்பவரே திருப்பிக் கேட்டுவிடுவார். 13ஆம் தேதி முதல் ஆபத்தில்லை, பதின்மூன்றாம் மாதம் கிடையாதே. ஆனால் ஒவ்வொரு மாதமும் முதல் பன்னிரண்டு நாட்களில், நாளும் மாதமும் ஒரே எண்ணாக வரும் ஒன்று போக, பதினொரு நாள் இரண்டு விதமாகப் படிக்க இடம் கொடுக்கும். ஆண்டுக்கு 132 நாள். உன் தர்மபுரி மாவட்டம் பிறந்தது 02/10/1965, என் கிருஷ்ணகிரி பிறந்தது 09/02/2004. அமெரிக்கர் படித்தால் உன்னுடையது பிப்ரவரி 10, என்னுடையது செப்டம்பர் 2. கணினிக் கோப்புகளுக்கு மட்டும் 2025-07-08 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் பெயர் வைக்கட்டும். ஐ.எஸ்.ஓ. 8601 என்ற உலகத் தரநிலை சொல்லும் முறை அது. கோப்புகள் தாமாகவே கால வரிசையில் நின்றுகொள்ளும்.

அடுத்தது, 'ரிப்போர்ட்டை அன்டில் ஃப்ரைடே அனுப்புகிறேன்' என்று அவள் எழுதியது. தமிழில் பேசும்போது அவள் இந்தத் தவறைச் செய்யவே மாட்டாள். 'வெள்ளிக்குள் கொடு' என்போம், 'வெள்ளி வரை இரு' என்போம், மாற்றிச் சொல்வதில்லை. ஒருமுறை செய்து முடிக்கும் வேலைக்கு 'க்குள்', அதுதான் ஆங்கிலத்தில் 'பை' (by). நீடித்துக்கொண்டே இருப்பதற்கு 'வரை', அதுதான் 'அன்டில்' (until). எழுதுவதற்கு முன் மனத்துக்குள் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்த்தாலே சரியான சொல் வந்துவிடும். நம் மொழி இவ்வளவு தெளிவாகப் பிரித்து வைத்திருப்பதைப் பிள்ளைகளுக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பதுதான் என் வருத்தம்.

'பிஃபோர் ஃப்ரைடே' என்றால் வெள்ளி சேராது. வங்கியில் எல்.சி., அதாவது சரக்குப் பணத்துக்கு வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம், பார்க்கிறவர்கள் இதில் கறார். 1 ஜூலை 2007 முதல் நடப்பில் இருக்கும், அந்தக் கடிதங்களுக்கான யு.சி.பி. 600 என்ற சர்வதேச விதிகளில், சரக்கு ஏற்றும் காலத்தைக் குறிக்கும்போது டில், அன்டில் என்றால் அந்த நாளும் சேரும்; பிஃபோர், ஆஃப்டர் என்றால் சேராது. 'இமீடியட்லி', 'ஆஸ் சூன் ஆஸ் பாசிபிள்' போன்ற சொற்களைப் பொருட்படுத்தவே மாட்டோம் என்றும் அங்கே எழுதியிருக்கிறது. நாம் அவசரமாகக் கேட்பதாக நினைத்து எழுதும் சொல், அங்கே எழுதாததற்குச் சமம்.

'நெக்ஸ்ட் ஃப்ரைடே'யை விட்டுவிடச் சொல். நாம் வருகிற வெள்ளி, அதற்கடுத்த வெள்ளி என்று பிரிக்கிறோம். ஆங்கிலத்தில் அந்த ஒரே சொல்லை ஆளுக்கொரு விதமாக எடுத்துக்கொள்கிறார்கள்.

கடைசியாக நேரம். ஜூலையில் நியூயார்க் வெள்ளி மாலை 5 மணி, நமக்குச் சனி அதிகாலை 2.30. அதனால் யாருடைய நேரம் என்று எழுத வேண்டும். ஐ.எஸ்.டி. என்று சுருக்காமல் இந்திய நேரம் என்று விரித்தே எழுதட்டும். அயர்லாந்துக்காரர்களும் இஸ்ரேல்காரர்களும் தங்கள் நேரத்துக்கு அதே மூன்றெழுத்தை வைத்திருக்கிறார்கள். நள்ளிரவைக் கெடுவாக வைப்பதும் வேண்டாம். நமக்கு வெள்ளி இரவு பன்னிரண்டு என்றால் வெள்ளி முடிகிற நேரம். கடிகாரத்துக்கு அது சனி. இரவு 11.59 என்று எழுதினால் பேச்சே இல்லை.

வருகிற ஞாயிறு, ஜூலை 13, காலை பத்து மணிக்கு உன் வீட்டில் இருப்பேன். நீலம் மாம்பழம் ஒரு பெட்டி எடுத்துவைத்திருக்கிறேன். பாப்பா வந்திருந்தால் அவள் எழுதிய மின்னஞ்சல்களைக் காட்டச் சொல், உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். தங்கச்சியிடம் எனக்கும் சேர்த்து உலை வைக்கச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்