யுகுலேலே பழகும் பிள்ளையின் கையைக் குறை சொல்லும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி விடுமுறை வந்தால் பிள்ளைக்கு ஒரு வாத்தியம் வாங்கித் தர நினைக்கும் பெற்றோரில் பலர் இப்போது யுகுலேலேயைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நல்ல தேர்வுதான். நாலே தந்தி, அதுவும் நைலான் என்பதால் விரலை அறுக்காது. எட்டு வயதுப் பிள்ளையின் மடியிலும் அடங்கும். ஆனால் வாங்கிய பத்தாம் நாள் அது பரணுக்குப் போய்விடுகிற வீடுகள் ஏராளம். "எங்க பிள்ளைக்கு இசை வராது" என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறார்கள். பெரும்பாலும் குற்றம் பிள்ளையிடம் இல்லை. சுருதி நிற்காத, சரியாக அமைக்கப்படாத வாத்தியத்தை யார் வாசித்தாலும் அபஸ்வரம்தான் வரும். இதைப் பெற்றோருக்கு எடுத்துச் சொல்லத்தான் இக்கடிதம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். யுகுலேலே விளையாட்டுச் சாமான் அல்ல, குட்டி கிதாரும் அல்ல. 1879 ஆகஸ்டில் ரேவன்ஸ்கிராக் என்ற கப்பலில் போர்ச்சுகலின் மதீராத் தீவிலிருந்து ஹவாயின் ஹொனலுலுவுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்காகப் பலர் வந்து இறங்கினார்கள். அவர்களில் மரவேலை தெரிந்த மூவர் தங்கள் ஊரின் மஷேட் என்ற சிறு வாத்தியத்தை ஒட்டி அங்கே செய்யத் தொடங்கியதிலிருந்து வளர்ந்தது இது. பொம்மைக் கடையில் தொங்குகிற, மீன்பிடி நரம்பு போன்ற தந்தி கட்டிய பிளாஸ்டிக் சாமானுக்கும் இதற்கும் உருவ ஒற்றுமை மட்டுமே உண்டு. அதில் சுருதி சேர்க்கவே முடியாது. அதை வாங்கிக் கொடுத்துவிட்டுப் பயிற்சி செய்யச் சொல்வது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

அளவைப் பொறுத்தவரை, முழு நீளம் 21 அங்குலம் என்றால் சோப்ரானோ, 23 என்றால் கான்சர்ட், 26 என்றால் டெனர். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்குச் சோப்ரானோ போதும். விரல் தடித்த பெரியவர்களுக்குக் கான்சர்ட் சௌகரியம். கழுத்தின் மேல் குறுக்கே பதித்த கம்பிகளான மெட்டுகளுக்கு இடையே கொஞ்சம் இடம் கிடைக்கும். 30 அங்குல பாரிடோனைத் தொடக்கத்தில் வாங்க வேண்டாம். அதன் சுருதி வேறு என்பதால், பாடங்களில் காட்டுகிற படம் எதுவும் அதற்குப் பொருந்தாது. பலகையைப் பற்றியும் ஒரு சொல்: ஒரே மரத்தில் இழைத்த விலை உயர்ந்த வாத்தியத்தைவிட, மெல்லிய அடுக்குகளை ஒட்டிச் செய்த பலகை நம் ஊர்ப் புழுக்கத்தையும் மழைக்கால ஈரத்தையும் நன்றாகத் தாங்கும். எதுவானாலும் வெயிலில் நிறுத்திய காருக்குள் மட்டும் வைக்காதீர்கள். பசை இளகித் தந்தியின் இழுப்பில், உடல் பலகையில் தந்திகளைத் தாங்கும் கட்டையான குதிரை பெயர்ந்துவிடும்.

இனி சுருதி. வலது கையால் மீட்டுபவர் மார்போடு அணைத்துப் பிடிக்கும்போது முகத்தை ஒட்டி இருப்பது நாலாம் தந்தி, தரைப்பக்கம் இருப்பது முதல் தந்தி. மேற்கத்திய ஸ்வரப் பெயர்களில் இவை மேலிருந்து கீழாக ஜி, சி, இ, ஏ. நம் கணக்கில் ஒரு கட்டையில், அதாவது சியில், ஷட்ஜம் வைத்தால் இவை ப, ச, க, த. அந்தர காந்தாரம், சதுஸ்ருதி தைவதம். கிதார் தெரிந்தவர் யாராவது உதவிக்கு வந்தால் இங்கேதான் தவறு நேரும். கிதாரில் மேலே இருக்கும் தந்திதான் மந்தரம், அதாவது மிகத் தாழ்ந்த ஒலி. அந்தப் பழக்கத்தில் யுகுலேலேயின் மேல் தந்தியையும் அவர் இறக்கிவிடுவார்; அது தொளதொளத்துப் போகும். யுகுலேலேயில் மேலே உள்ள ஜி தந்தி அடுத்துள்ள சி, இ இரண்டையும்விட உயர்ந்த ஒலி. நான்கிலும் தாழ்ந்தது மூன்றாவதான சி. செல்போனில் உள்ள, சுருதி சேர்க்க உதவும் ட்யூனர் செயலிகள் பல வெறும் எழுத்தை மட்டும் காட்டும்; அந்த ஸ்வரம் மேல் வரிசையா கீழ் வரிசையா என்கிற ஸ்தாயியைக் காட்டாது. அதிர்வெண் காட்டும் செயலி என்றால் ஜி 392, சி 262, இ 330, ஏ 440 என்று வர வேண்டும்.

செயலியை மட்டும் நம்பாமல் காதாலும் சரிபார்க்கலாம். சி தந்தியின் நாலாவது மெட்டை அழுத்தி மீட்டினால் திறந்த, அதாவது எங்கும் அழுத்தாத, இ தந்தியின் ஒலி வர வேண்டும். இ தந்தியின் மூன்றாவது மெட்டில் ஜி, ஐந்தாவது மெட்டில் ஏ. இந்த மூன்றும் ஒத்துப்போனால் ஸ்தாயியிலும் பிழை இல்லை என்று நிச்சயமாகச் சொல்லலாம்.

தந்தியை முறுக்கும் திருகான பிருடையைத் திருகுவதிலும் ஒரு முறை உண்டு. ஒலி உயர்ந்துவிட்டால் அப்படியே இறக்கி நிறுத்தக் கூடாது. தேவைக்குக் கீழே இறக்கிவிட்டு, மறுபடி ஏற்றி வந்து நிறுத்த வேண்டும். இறக்கி நிறுத்தினால் பல்சக்கரத்தில் தொய்வு தங்கிவிடும். நாலு முறை மீட்டியதும் சுருதி விழும். புதுத் தந்தியோ எப்படியும் விழும். நைலான் நீண்டுகொண்டே போகும் பொருள். காலையில் சேர்த்த சுருதி மாலையில் அரை ஸ்வரம் இறங்கியிருப்பது முதல் வாரத்தில் சாதாரணம். இதைப் பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். தந்தியை நடுவில் இரண்டு விரலால் பிடித்து மெல்ல மேலே இழுத்துவிட்டுச் சுருதி சேருங்கள். நாலைந்து முறை இப்படிச் செய்தால் சீக்கிரம் அடங்கும். ஒவ்வொரு முறை கையில் எடுக்கும்போதும் முதல் வேலை சுருதி சேர்ப்பது என்பதைப் பிள்ளை பல் துலக்குவது போலப் பழகிக்கொள்ள வேண்டும். தந்தி அறுந்தால் கிதார்க் கம்பியைக் கட்டிவிடாதீர்கள். எஃகின் இழுவிசையை இந்தச் சின்னக் குதிரை தாங்காது.

சுருதி சரியாக இருந்தும் கார்ட், அதாவது பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்கும் பிடி, பிடித்தால் அபஸ்வரமாகக் கேட்கிறதா? அப்போது பார்க்க வேண்டிய இடம், கழுத்தின் தலைப்பக்கம் தந்திகள் பள்ளத்தில் உட்காரும் வெள்ளைப் பட்டை. நட் என்பார்கள். விலை குறைந்த வாத்தியங்களில் இந்தப் பள்ளங்களைப் போதிய ஆழம் அறுக்காமலே அனுப்பிவிடுகிறார்கள். தந்தி உயரத்தில் நிற்கும், முதல் மெட்டில் அழுத்தும்போது அதிகம் வளைந்து இழுபடும், ஒலி உயர்ந்துவிடும். பிள்ளைக்கு விரலும் வலிக்கும். சோதிப்பது எளிது. தந்தியை மூன்றாவது மெட்டில் அழுத்திக்கொண்டு, முதல் மெட்டின் மேல் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள். ஒரு தாள் நுழையும் அளவு இருந்தால் நல்லது. தடித்த அட்டை நுழைந்தால், வாத்தியம் பழுது பார்ப்பவரிடம் கொடுத்துப் பள்ளத்தை அரத்தால் இறக்கச் சொல்லுங்கள். நீங்களே அராவ வேண்டாம். ஒரு இழைப்பு கூடிவிட்டாலும் திறந்த தந்தி முதல் மெட்டில் இடித்து இரையத் தொடங்கும். அடுத்து, பன்னிரண்டாம் மெட்டில் அழுத்தி மீட்டிப் பாருங்கள். ட்யூனரில் திறந்த தந்திக்கு வந்த அதே எழுத்து வர வேண்டும், முள் நடுவில் நிற்க வேண்டும். வாங்கும்போதே கடையில் இந்த இரண்டையும் பார்த்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

இரைச்சலைக் கண்டுபிடிப்பதற்கும் வழி உண்டு. திறந்த தந்தி மட்டும் இரைந்தால் நட் பள்ளம் ஆழமாகிவிட்டது. ஒரே ஒரு மெட்டில் அழுத்தும்போது இரைந்தால் அதற்கு அடுத்த மெட்டு தூக்கி நிற்கிறது. எங்கே அழுத்தினாலும் இரைகிறது என்றால்தான் விரலைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டு மெட்டுக்கு நட்டநடுவில் அழுத்துகிற பிள்ளைக்கு எவ்வளவு பலம் கொடுத்தாலும் ஒலி தெளியாது. மெட்டுக் கம்பிக்குச் சற்றுப் பின்னால், அதை ஒட்டினாற்போல், விரல் நுனியால் அழுத்தினால் பாதி பலம் போதும். இடது கை நகத்தை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். விரலைப் பார்க்க வேண்டும் என்பதற்காக வாத்தியத்தின் முகத்தை மேலே திருப்புவது பிள்ளைகளின் வழக்கம். அப்படித் திருப்பினால் மணிக்கட்டு மடங்கி, விரல் படுத்து, பக்கத்துத் தந்தியை அடைத்துவிடும். வாத்தியம் நிமிர்ந்தே இருக்கட்டும்.

கார்ட் தொடங்கும் முன் இரண்டு நாள் மோகனம் வாசிக்கச் சொல்லுங்கள் என்பது எனது உறுதியான யோசனை. அந்த ராகத்தின் ஐந்து ஸ்வரங்களில் நான்கு திறந்த தந்திகளிலேயே இருக்கின்றன. ரி மட்டும் சி தந்தியின் இரண்டாவது மெட்டு. மேல் ச ஏ தந்தியின் மூன்றாவது மெட்டு. ஆக ச ரி க ப த ச என்பதில் இரண்டே இடத்தில்தான் விரல் வைக்க வேண்டும். பாட்டு வகுப்புக்குப் போகிற பிள்ளை என்றால் முதல் நாளே கண் மலரும். கமகத்தை மட்டும் இதில் எதிர்பார்க்கக் கூடாது. தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து வீணை போல அசைக்க இதில் இடமில்லை. ஒலியும் சீக்கிரம் அடங்கிவிடும்.

பிறகு நான்கு கார்ட்: சி, ஏ மைனர், எஃப், ஜி செவன். இவற்றை இதே வரிசையில் கற்பதற்குக் காரணம் இருக்கிறது. சி கார்டுக்கு மோதிர விரல் மட்டும், ஏ தந்தியின் மூன்றாவது மெட்டில். அதை எடுத்துவிட்டு நடுவிரலை ஜி தந்தியின் இரண்டாவது மெட்டில் வைத்தால் ஏ மைனர். நடுவிரலை அசைக்காமல் ஆள்காட்டி விரலை இ தந்தியின் முதல் மெட்டில் சேர்த்தால் எஃப். இப்போது ஆள்காட்டி விரல் அங்கேயே இருக்கட்டும். நடுவிரல் அதே இரண்டாவது மெட்டில் பக்கத்துச் சி தந்திக்கு இறங்கட்டும். மோதிர விரலை ஏ தந்தியின் இரண்டாவது மெட்டில் வையுங்கள். ஜி செவன் வந்துவிட்டது. அங்கிருந்து மோதிர விரல் தந்தியை விடாமல் அடுத்த மூன்றாவது மெட்டுக்கு வழுக்க, மற்ற இரண்டும் எழுந்தால் மறுபடி சி. இந்தச் சுற்றில் ஏறக்குறைய ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு விரல் தந்தியிலேயே தங்குகிறது. அதைத் தூக்கிவிட்டு மறுபடி தேடுகிற பிள்ளைதான் திணறும். "எந்த விரல் நிற்கிறது?" என்று கேட்டுக் கேட்டுப் பழக்க வேண்டும்.

வலது கைக்கு, தாளத்தைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோமை 60-இல் வைத்து எட்டு எண்ணிக்கை. கழுத்து உடலோடு சேரும் இடத்தின் மேல் மீட்டினால் ஒலி குழையும். துளையின் மேல் மீட்டினால் கரகரக்கும். ஆள்காட்டி விரலின் நகம் கீழே போகும்போதும், சதை மேலே வரும்போதும் தந்தியைத் தொடட்டும். முழங்கை அசையக் கூடாது, மணிக்கட்டு மட்டும். ஒற்றைப்படை எண்ணில் கை கீழே, இரட்டைப்படையில் மேலே. 2-லும் 5-லும் தந்தியைத் தொடாமல் கை காற்றில் போக வேண்டும். மற்ற ஆறிலும் ஒலி. கேட்கிறவருக்கு "கீழ், கீழ் மேல், மேல் கீழ் மேல்" என்று விழும். கை எந்த எண்ணிலும் நிற்பதில்லை என்பதுதான் இதன் உயிர். கார்ட் மாற நேரம் போதவில்லையா? எட்டாவது எண்ணில் இடது கையை முழுதும் எடுத்துவிட்டுத் திறந்த தந்திகளையே மீட்டுங்கள். அவை ப, ச, க, த என்பதால் இந்தச் சுற்றுக்குள் இடிக்காமல் கலந்துவிடும். மூன்று மூன்றாக எண்ணும் தகிட நடையில் அமைந்த பாட்டுக்கு இந்த மீட்டல் பொருந்தாது. அதற்கு மூன்றும் கீழ்நோக்கி, முதலடி சற்று அழுத்தமாக.

பாடிக்கொண்டு வாசிக்கும் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு கட்டை பெரும்பாலும் பொருந்துவதில்லை. ஐந்து கட்டைதான் சௌகரியம். அதற்கு ஜியை ஷட்ஜமாகக் கொண்ட கார்டுகள் வேண்டும்: ஜி, சி, டி செவன், இ மைனர். இது இரண்டாவது மாதத்துப் பாடம். அதுவரை தாழ்ந்த சுருதியில் முனகிப் பாடச் சொல்லாமல் வாசிக்க மட்டும் விடுங்கள். நாளுக்கு ஒரு மணி நேரம் உட்கார வைப்பதைவிடக் காலை 15 நிமிடம், மாலை 15 நிமிடம் கை வேகமாகப் பழகும். விரல் நுனி வலியும் இரண்டு வாரத்தில் மரத்துப்போகும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். சிறுவர் பக்கத்தில் வாரம் ஒரு சிறு கட்டம் ஒதுக்கி, நாலு கோடு, நாலு மெட்டு, விரல் வைக்கும் இடத்தில் புள்ளி என்று தமிழ்க் குறிப்போடு படம் வெளியிட்டால், வகுப்புக்குப் போக வசதியில்லாத ஊர்களில் உள்ள பிள்ளைகளுக்கும் எட்டும். முதல் வாரம் கார்ட் எதுவும் வேண்டாம். எந்தத் தந்தி எது, எந்த மெட்டை எந்தத் தந்தியோடு ஒப்பிட்டுச் சுருதி சேர்ப்பது என்பதை மட்டும் போடுங்கள்.

இப்படிக்கு,
யுகுலேலே பயிற்றுநர் ஒருவர்,
திருச்சி.