கிராபிக்ஸ் கார்டு தெரியவில்லை என்று எழுதிய நண்பனுக்கு

அன்பு நண்பா,

வணக்கம். உன் கடிதம் கிடைத்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகு நீ மீண்டும் முப்பரிமாண வரைகலையில் இறங்கியிருப்பதை அறிந்து மிகவும் மகிழ்ந்தேன். அதற்கென்றே வாங்கிய பழைய கிராபிக்ஸ் கார்டைக் கணினி கண்டுகொள்ளவே இல்லை என்றும், டிரைவரை, அதாவது கார்டை இயக்கும் மென்பொருளை, அழித்து அழித்துப் பதித்தும் பலனில்லை என்றும் எழுதியிருந்தாய். டிரைவர் பக்கம் போவதை இப்போதைக்கு நிறுத்திவிடு என்பதே நான் முதலில் சொல்ல விரும்புவது. கார்டு அதைச் செருகும் ஸ்லாட்டில் இருக்கிறது என்பதை முதலில் அறிய வேண்டியது, கணினியை ஆன் செய்ததும் முதலில் ஓடும் நிரலான மதர்போர்டின் பயாஸ். விண்டோஸ் அதற்குப் பின்னர் வருகிறது. டிரைவரின் வேலை அதற்கும் பின்னர்தான் தொடங்குகிறது. முதல் படியிலேயே அறியப்படாத ஒன்றுக்கு மூன்றாம் படியில் என்ன செய்தாலும் வீண்.

ஆகவே, பழுது எந்தப் படியில் இருக்கிறது என்பதை முதலில் முடிவு செய். விண்டோஸில் கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் பகுதியைத் திறந்து பார். மஞ்சள் முக்கோணத்துடனோ, மைக்ரோசாப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர் என்ற பெயரிலோ ஏதேனும் இருந்தால், அதன் ப்ராப்பர்ட்டீஸில் டீடெய்ல்ஸ் என்ற பகுதிக்குச் சென்று ஹார்டுவேர் ஐடியைப் படி. அதில் 10டிஇ (10DE) என்று இருந்தால் என்விடியா, 1002 என்று இருந்தால் ஏஎம்டி, 8086 என்று இருந்தால் அது பெரும்பாலும் பிராசஸருக்குள்ளேயே இருக்கும் இன்டெல் கிராபிக்ஸ். முதல் இரண்டில் ஒன்று தென்பட்டால், அது ஏஎம்டி பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸாக இல்லாதவரை, கார்டு கணினியின் கண்ணில் பட்டுவிட்டது. உன் சிக்கல் டிரைவரிலோ, கார்டின் உள்ளேயோ இருக்கிறது. 8086 மட்டுமே இருந்தால் கேபினெட்டைத் திறக்காமல் வேறு வழியில்லை.

திறப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி: மானிட்டர் கேபிளை எங்கே செருகியிருக்கிறாய்? யூஎஸ்பி துளைகளை ஒட்டியிருக்கும் எச்டிஎம்ஐ துளை மதர்போர்டினுடையது. கார்டின் துளைகள் அதற்குக் கீழே, தனித் தகட்டில் இருக்கும். இது உனக்குத் தெரியாததன்று, ஆனாலும் கேட்காமல் விடக் கூடாத கேள்வி.

இனி உள்ளே. மின்கம்பியைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, பவர் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிடு; கேபினெட்டின் வெற்று உலோகத்தைத் தொட்டுக்கொண்ட பிறகே கார்டைத் தொடு. கார்டைக் கழற்றி அதன் அடியிலுள்ள தங்க நிறத் தொடுமுனைகளை உற்றுப் பார்த்தால், குறுகிய ஒரு பகுதி, ஒரு வெட்டு, அதன்பின் நீளமான ஒரு பகுதி என்று அமைந்திருப்பது தெரியும். ஸ்லாட் தரும் மின்சாரம் தகட்டை ஒட்டிய குறுகிய பகுதி வழியாக வருகிறது. தரவு செல்லும் 16 தடங்களும் நீளமான பகுதியில் இருக்கின்றன. தகட்டின் திருகை இறுக்கும்போது கார்டு சற்றே சாய்ந்து மறுமுனை மேலெழும்பிவிட்டால், மின்விசிறி சுழன்றுகொண்டே இருக்கும், கணினிக்கோ கார்டு இருப்பதே தெரியாது. “விசிறி ஓடுகிறதே” என்று நீ எழுதியிருந்தது எனக்கு எந்த ஆறுதலும் தராததற்கு இதுதான் காரணம். தொடுமுனைகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட, நூல் பிரியாத துணியால் துடைத்து நன்கு உலரவிட்டு, ஸ்லாட்டின் முனையிலுள்ள கொக்கி ‘டக்’கென்று விழும்வரை நேராக அழுத்து, திருகைப் பிறகு முடுக்கு.

அடுத்தது மின்சாரம். ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் தரும். 6 பின் இணைப்பு மேலும் 75 வாட், 8 பின் இணைப்பு 150 வாட். கார்டில் இரண்டு 8 பின் துளைகள் இருந்து நீ ஒன்றில் மட்டும் செருகியிருந்தால், அது விழித்துக்கொள்ளாமலே போகலாம். இங்கே ஓர் எச்சரிக்கை. பிராசஸருக்கான 8 பின் கேபிள் இரண்டு நான்குகளாகப் பிரியும். கார்டுக்கானது ஆறும் இரண்டுமாகப் பிரியும். இரண்டிலும் 12 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறியிருப்பதால், ஒன்றை மற்றொன்றின் துளையில் வலிந்து திணித்தால் ஷார்ட் ஆகிவிடும். உன் எஸ்எம்பிஎஸ், அதாவது கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி, கேபிள்களைக் கழற்றி மாட்டும் வகை என்றால், வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளைப் பொருந்துகிறதே என்று எடுத்து மாட்டாதே. எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையின் உள்ளமைப்பு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் தென்படவில்லையென்றால் பயாஸுக்குள் செல். முதன்மைத் திரையைத் தேர்ந்தெடுக்கும் அமைப்பில் பிசிஐஇ (கார்டு செருகும் ஸ்லாட்டின் வகை) என்று வை. கார்டை ஸ்லாட்டிலிருந்து தள்ளி வைக்க உதவும் ரைசர் கேபிள் வழியாக மாட்டியிருந்தால், அதை எடுத்துவிட்டு நேராக மாட்டிப் பார். அது முடியாவிட்டால் ஸ்லாட்டின் வேகத்தைத் தானியங்கியிலிருந்து ஜென் 3 (மூன்றாம் தலைமுறை வேகம்) என்பதற்குக் குறைத்துப் பார். மிகப் பழைய கார்டுகள் சிலவற்றில் யூஇஎஃப்ஐ என்னும் புதிய வகை பயாஸுக்குத் தேவையான நிரல் இல்லாததால், பழைய முறைக்கு இடம்தரும் சிஎஸ்எம் என்ற அமைப்பு அணைந்திருக்கும் கணினியில் அவை படம் காட்டாது. ஆனால் சிஎஸ்எம்மை இயக்கினால் கணினி தொடங்கும்போது காவல் காக்கும் செக்யூர் பூட் என்ற அமைப்பை அணைக்க வேண்டியிருக்கும் என்பதையும் நினைவில் கொள். வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் வசதியைப் பயன்படுத்துகிறாய் என்றால், இவற்றில் கைவைப்பதற்கு முன்னரே அதன் மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொள். மறுமுறை கணினி திறக்கும்போது அதைக் கேட்கக்கூடும்.

பிறகு மிஞ்சுவது மாற்றி மாட்டிப் பார்ப்பதே. அந்தக் கார்டை வேறொரு கணினியிலும், நன்றாக ஓடும் வேறொரு கார்டை உன் ஸ்லாட்டிலும் மாட்டிப் பார்த்தால், குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். உன் ஸ்லாட்டில் எந்தக் கார்டும் தெரியவில்லையென்றால் பிராசஸர் சாக்கெட்டையும் சந்தேகி: முதல் ஸ்லாட்டின் தடங்கள் பெரும்பாலான மதர்போர்டுகளில் நேராகப் பிராசஸரிலிருந்தே வருகின்றன என்பதால், சாக்கெட்டில் ஒரு பின் வளைந்திருந்தாலும் அந்த ஸ்லாட் செத்துவிடலாம். எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றச் சொல்லிப் பலரும் உனக்கு யோசனை கூறியிருக்கிறார்கள். இந்தச் சோதனை முடியும்வரை காசைக் கையிலேயே வைத்திரு.

ஹார்டுவேர் ஐடி சரியாக வந்தும் டிவைஸ் மேனேஜரில் 43 என்ற பிழை எண் நீங்காமல் இருந்தால், அது வேறு கதை. பழைய கார்டுகள் பல கிரிப்டோ மைனிங்கில், அதாவது மின்னணு நாணயம் ஈட்டும் ஓயாத கணக்கீட்டில், உழைத்து வந்தவை. வேகத்துக்காக அவற்றின் உள் பயாஸை மாற்றி எழுதியிருக்கலாம், முறையான டிரைவர் அதை ஏற்க மறுக்கக்கூடும். சில கார்டுகளின் மேல் விளிம்பில் ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். கணினியை அணைத்துவிட்டு அதைத் தள்ளினால், கார்டு தன் இரண்டாவது பயாஸுக்கு மாறிவிடும். அது மாற்றப்படாமல் இருந்தால் உன் நல்லகாலம். டிரைவரை அடியோடு நீக்கிப் புதிதாகப் பதிப்பதற்கு உரிய கட்டம் இதுதான். அதையும் விண்டோஸ் குறைந்தபட்ச நிரல்களுடன் மட்டும் இயங்கும் சேஃப் மோடில் செய்.

கார்டின் மாடல் பெயர், மதர்போர்டின் பெயர், டிவைஸ் மேனேஜரில் தெரியும் ஹார்டுவேர் ஐடி ஆகியவற்றை அப்படியே எழுதி அனுப்பு. மதர்போர்டில் விஜிஏ என்று குறிக்கப்பட்ட சிறு விளக்கு இருந்தால், ஆன் செய்யும்போது அது அணையாமல் எரிகிறதா என்பதையும் பார்த்துச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்