352 என்ற எண்ணுக்குப் பின்னால்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் போர் விமானிகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வீழ்த்திய விமானங்கள் ஹார்ட்மன் 352, பார்க்ஹார்ன் 301, ரால் 275 என்று ரன் கணக்குப் போலப் பட்டியல் போட்டிருந்தீர்கள். எண்களில் பிழையில்லை. ஆனால் விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு அது மனசை உறுத்திக்கொண்டே இருந்தது.

அமெரிக்கக் குண்டுவீச்சு விமானக் குழுவினர் ஆரம்பத்தில் 25 முறை போய்வந்தால் ஊர் திரும்பலாம். ஜெர்மன் விமானிக்கு அப்படி வரம்பே கிடையாது. சாகும்வரை, இல்லையென்றால் போர் முடியும்வரை பறக்க வேண்டியதுதான். 1942 அக்டோபரில் சோவியத்தோடு சண்டை நடந்த கிழக்குப் போர்முனைக்கு வந்தபோது எரிக் ஹார்ட்மனுக்கு 20 வயது. அடுத்த இரண்டரை ஆண்டில் 1,404 முறை பறந்தார். அவ்வளவு பெரிய எண் வந்தது இப்படித்தான். வட ஆப்பிரிக்காவில் பெயர் வாங்கிய இன்னொரு ஜெர்மன் விமானி மார்சேய் 22 வயதில் செத்தார். யாரும் சுடவில்லை. எஞ்சின் தீப்பிடித்து, புகையில் கண் தெரியாமல் குதித்தவரை விமானத்தின் வால் அடித்துவிட்டது. பாராசூட் விரியவே இல்லை. அந்த எஞ்சினைக் காலையில் பார்த்து அனுப்பியவர் அன்றிரவு எப்படித் தூங்கியிருப்பார்?

எதிரி விமானம் முன்கண்ணாடியை அடைத்துக்கொண்டு நிற்கும் அளவுக்கு நெருங்கித்தான் ஹார்ட்மன் சுடுவார். உடைந்த துண்டுகள் அவர் விமானத்தையே பதம் பார்க்கும். 1943 ஆகஸ்ட் 20 அன்று அப்படித்தான் சோவியத் பகுதிக்குள் இறங்கிப் பிடிபட்டார். அடிபட்டவர் போல நடித்து, லாரியிலிருந்து தப்பி, சூரியகாந்தி வயலுக்குள் ஓடினார். இருட்டியதும் நடந்தே தம் படையிடம் வந்துசேர்ந்தபோது சொந்தக் காவலரே சுட்டதில் கால்சட்டை கிழிந்தது. அதே நேரத்தில் அவருடைய மெக்கானிக், துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு அவரைத் தேடி எதிரிப் பக்கம் போயிருந்தார்! எங்கள் தொழில் தெரிந்தவர்களுக்கு இது புரியும்.

இவர்கள் பறந்தது ஹிட்லரின் ஆக்கிரமிப்புக்காக. வீழ்ந்த விமானங்களில் சொந்த மண்ணைக் காக்க வந்த சோவியத் பிள்ளைகள் இருந்தார்கள். கட்டுரையில் அதற்கு ஒரு வரிகூட இல்லாதது பெரிய குறை.

போர் முடிந்தபின் நடந்ததையும் விட்டுவிட்டீர்கள். அமெரிக்கர்களிடம் சரணடைந்த ஹார்ட்மனை அவர்கள் சோவியத்திடம் ஒப்படைத்தார்கள். பத்தாண்டுச் சிறை. 1945இல் பிறந்த மகன் 1948இல் இறந்துபோனான். அப்பா அவன் முகத்தைப் பார்த்ததே இல்லை. 1955இல் மேற்கு ஜெர்மனித் தலைவர் அடினாவர் மாஸ்கோ போய்ப் பேசிய பிறகுதான் விடுதலை.

தொடரின் அடுத்த பகுதியில், துப்பாக்கியோடு தேடிப்போன அந்த மெக்கானிக்கைப் பற்றியும் அந்தக் குழந்தையைப் பற்றியும் ஒரு பெட்டிச் செய்தியாவது போடுங்கள் ஐயா.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமானப்படை மெக்கானிக்,
தாம்பரம்.