நார்வேயின் டிரோம்சோவில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவுக்கு மூட்டு வலி தேவலை. பாளையங்கோட்டை வீட்டு விஷயம் ஒருவழியாக முடிந்தது, விவரம் பேசும்போது சொல்கிறேன். பேசினால்.

பரணில் கிடந்த உலக உருண்டையை இறக்கித் துடைத்தேன். மேஜை நடுவில் குண்டு பல்பை எரியவிட்டு, உன் ஊர்மேல் அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டை ஒட்டி, வடதுருவம் பல்புக்கு எதிர்ப்பக்கம் சாயும்படி வைத்துச் சுற்றினேன். திருநெல்வேலி வெளிச்சத்துக்குள் வந்து வந்து போகிறது. பொட்டு இருட்டை விட்டு வரவே இல்லை. அச்சின் சாய்வு 23½ டிகிரி, தொண்ணூறில் அதைக் கழித்தால் 66½; நீ இருப்பதோ 69 டிகிரி அட்சரேகைக்கும் வடக்கே. நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி பாதிவரை அங்கே சூரியன் எழும்பாது.

உருண்டையை மேஜையின் எதிர்ப்பக்கம் கொண்டுபோனால் அதே பொட்டு நாள் முழுக்க வெளிச்சத்தில். சாய்வின் திசை மட்டும் மாறக் கூடாது. ஆறாம் வகுப்பில் நீ அதையும் சேர்த்துத் திருப்பிவிட்டு, “எப்பவும் குளிர்காலம்தான்பா” என்பாய். ஆனால் கோடையில் சூரியன் பக்கத்தில் வந்துவிடும் என்ற மாமாவிடம், “ஜனவரியிலதான் மாமா ரொம்பப் பக்கம்” என்றாயே, இன்றைக்கும் சொல்லிச் சொல்லிப் பூரிக்கிறார்.

கேமராவை ஏன் போடுவதில்லை என்றால் இருட்டு என்கிறாய். இருட்டு வெளியேதானே? அறையில் விளக்கு இருக்குமே.

நடுப்பகலில் வெளியே ஒரு நடை போய் வா. டிசம்பர் 21 அன்றுகூட அந்நேரம் சூரியன் அடிவானத்துக்கு மூன்று டிகிரிதான் கீழே இருக்கும். மேகமில்லாவிட்டால் நீல வெளிச்சம் கிடைக்கும். அங்கே குளிர்காலத்தில் மீன் எண்ணெய் குடிப்பார்களாமே, நாற்றம் பார்க்காமல் நீயும் குடி. நேரத்துக்குச் சாப்பிடு. நடுப்பகலில் வெளியே போ.

பொங்கலை ஒட்டி சூரியன் அங்கே அடிவானத்துக்கு வந்துவிடும். மலை மறைப்பதால் ஜனவரி 21 அன்றுதான் ஊரார் பன் தின்று கொண்டாடுவார்கள். நீயும் போய் அவர்களோடு நில். அறைக்குள்ளேயே கிடக்காதே.

அம்மா இப்போதே பெட்டி கட்டுகிறாள். படிக்கிற பிள்ளையைத் தொந்தரவு பண்ணாதே என்று நான்தான் அடக்கி வைத்திருக்கிறேன். இருந்தாலும் விசாவுக்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்று எழுது. எனக்கும் சேர்த்து.

அப்பா